பன்னீர் என்றொரு தீர்ப்பு

கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் கருந்திராட்சைக்கு இரண்டு பெயர்கள் உண்டு. வேளாண் நூல்களிலும் ஆய்வறிக்கைகளிலும் அது ‘மஸ்கட் ஹாம்பர்க்’. தோட்டத்திலும் சந்தையிலும் தள்ளுவண்டியிலும் அது ‘பன்னீர் திராட்சை’. முதற்பெயர் வட ஜெர்மனியின் ஒரு துறைமுகத்தைச் சொல்கிறது. இரண்டாவது பெயர் ஒரு மணத்தைச் சொல்கிறது. ஒரே கனிக்கு ஒரு பெயர் முகவரியாகவும் மற்றொன்று மணமாகவும் அமைந்தது எப்படி? இவ்விரண்டு பெயர்களின் வரலாற்றையும் தனித்தனியே தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தேடும் வழியில் ஜெர்மானியர்களின் கிறிஸ்துமஸ் பீர் ஒன்றும், கச்சியை ஆண்ட இளந்திரையனின் நாட்டு வலைஞர்களும், நக்கீரரும், கானாவூர்த் திருமணத்தின் பந்தி விசாரிப்புக்காரனும் வந்துபோவார்கள். இவர்களையெல்லாம் ஒரு வரிசையில் நிறுத்துவது ஒரே வினாதான்: ஒரு பொருளைச் சுவைத்தும் முகர்ந்தும் தீர்ப்புச் சொல்பவர் யார், அத்தீர்ப்பு எங்கே பதிவாகிறது?

பள்ளத்தாக்கும் நீரும்

மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். இடையில் சுருளியாறு ஓடும் நீண்ட நிலமே கம்பம் பள்ளத்தாக்கு. முன்பு மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 1990களின் பிற்பாதியில் தேனி தனி மாவட்டமானபோது அதனோடு சேர்ந்தது. இந்நிலத்தின் வரலாற்றை 1895க்கு முன், 1895க்குப் பின் என்று பிரித்துப் பேசுவதே இங்குள்ளோர் வழக்கம். அவ்வாண்டில்தான் ஜான் பென்னிகுவிக்கின் தலைமையில் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டது. 1886இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு சென்னை மாகாண அரசு செய்துகொண்ட 999 ஆண்டுக் குத்தகையின் பயனாக, மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பியது. இன்றும் இப்பள்ளத்தாக்கில் அந்த ஆங்கிலேயரின் பிறந்தநாளான ஜனவரி 15இல் பொங்கல் வைக்கிறார்கள்.

அந்நீர் பாயும் பள்ள நிலங்களில் நெல் விளைகிறது. சற்றே மேடான நிலங்களில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டுத் திராட்சை ஏற்றியிருக்கிறார்கள். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று நீளும் ஊர்கள். ‘கம்பம் பன்னீர் திராட்சை’க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, பத்து ஊர்களில் சுமார் 2,000 ஏக்கரில் இது பயிராவதாகவும், தமிழகத்துத் திராட்சைப் பரப்பில் ஏறத்தாழ 85 விழுக்காடு இந்த ஒரே வகை என்றும் சொல்லப்பட்டது. ஐரோப்பாவில் திராட்சைக்கொடி பனிக்காலம் முழுவதும் உறங்கும். ஆண்டுக்கு ஓர் அறுவடைதான். இங்கே கொடிக்கு உறக்கமில்லை. உழவர் கவாத்து செய்யும் நாளே அதன் வசந்தம். ஆகவேதான் வேறெங்கும் திராட்சை இல்லாத மாதங்களிலும் கம்பத்திலிருந்து கொத்துகள் வந்துகொண்டிருக்கின்றன.

ஹாம்பர்க் என்னும் முகவரி

இனி முதற்பெயர். ஹாம்பர்க் எல்பே ஆற்றின் துறைமுகம்; குளிர்ந்த வடக்கு. திராட்சைத் தோட்டங்களுக்கு அது பெயர்போன ஊரன்று. அப்படியிருக்க அப்பெயர் எப்படி வந்தது?

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் செல்வர்களுக்குக் கண்ணாடி வீடு கட்டி அதற்குள் திராட்சை வளர்ப்பது ஒரு பெருமை. அவ்வீடுகளில் அதிகமாகப் போற்றப்பட்ட கருந்திராட்சைக்கு ‘பிளாக் ஹாம்பர்க்’ என்று பெயர். ஹாம்பர்க் துறையிலிருந்து கப்பலேறி வந்ததால் அப்பெயர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். லண்டனையடுத்த ஹாம்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நடப்பட்ட அவ்வகைக் கொடி ஒன்று இன்றும் காய்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அதன் உண்மையான ஊர் ஹாம்பர்க் இல்லை. ஆல்ப்ஸ் மலையடிவாரத்துத் தைரோல் பகுதியில் அது ‘ஸ்கியாவா க்ரோஸா’. தென் ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியில் ‘ட்ரோலிங்கர்’. பின்னதன் பொருளே ‘தைரோல்காரன்’ என்பார்கள். அதாவது ஜெர்மானியர் அதைத் தைரோலின் பெயரால் அழைக்க, ஆங்கிலேயர் அதை ஹாம்பர்க்கின் பெயரால் அழைத்தார்கள். சரக்கு எங்கே விளைந்தது என்பதைக் காட்டிலும் எந்தத் துறையில் ஏறியது என்பதே பெயராக நின்றுவிட்டது.

இந்தக் கருந்திராட்சையை ‘அலெக்சாந்திரியா மஸ்கட்’ என்னும் மணமிக்க வெள்ளைத் திராட்சையோடு கலந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் பெட்ஃபர்ட்ஷயரில் சீவர்ட் ஸ்னோ என்னும் தோட்டக்காரர் உருவாக்கியதே மஸ்கட் ஹாம்பர்க் என்பது தோட்டக்கலை வரலாற்றின் கூற்று. 2003இல் வெளியான மரபணு ஆய்வு இவ்விரு பெற்றோரையும் உறுதிப்படுத்தியது. ஆக, கம்பத்துத் திராட்சையின் ஒரு பாட்டி தைரோல்காரி. மற்றொரு பக்கம் மத்தியதரைக் கடற்கரை. பிறந்த இடம் ஆங்கிலேயக் கண்ணாடி வீடு. சூட்டிய பெயர் ஜெர்மானியத் துறைமுகம்.

1832 என்னும் ஆண்டு

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. புவிசார் குறியீடு வழங்கப்பட்டபோது பரவலாகச் சொல்லப்பட்ட செய்தி, பன்னீர் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது. ஸ்னோவின் கலப்பு நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்றால், அதற்கு முன்பே அக்கொடி தமிழகத்துக்கு வந்திருக்க முடியாது.

மிஷன் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். இயேசு சபை 1773இல் போப்பரசரால் கலைக்கப்பட்டது. அதன்பின் தமிழ்நாட்டில் அச்சபையின் பணிகளைப் புதுச்சேரியை மையமாகக் கொண்ட பாரிஸ் அந்நிய வேத போதக சபையினர் ஏற்றனர். மீட்டெழுந்த இயேசு சபையின் பிரெஞ்சுக் குருக்கள் நால்வர் புதிய மதுரை மிஷனுக்காக வந்திறங்கியது 1837இல். ஆகவே 1832 என்ற ஆண்டு சரியென்றால், அந்தப் பாதிரியார் புதுச்சேரிப் பாரிஸ் சபையைச் சேர்ந்தவராக இருந்திருப்பதே பொருந்தும். அவர் கொண்டுவந்தது வேறொரு மஸ்கட்டாகவோ பிளாக் ஹாம்பர்க்காகவோ இருந்திருக்கலாம். இன்றைய வகை பின்னர் வந்து அந்நினைவின் மேல் ஏறி அமர்ந்திருக்கலாம். அல்லது கொடி சரியாக நினைவிருந்து ஆண்டு மட்டும் முன்தள்ளிப் போயிருக்கலாம். வாய்மொழி மரபு ஆளை மறக்காது, ஆண்டைக் குழப்பும் என்பது வரலாறு படிப்போர் அறிந்ததே.

ராயப்பன்பட்டி என்ற ஊர்ப்பெயரைக் கேட்டதும், இராயப்பர் என்பது தமிழ்க் கத்தோலிக்கர் புனித பேதுருவுக்கு இட்ட பெயராயிற்றே என்று மனம் தாவும். ஆனால் ராயப்பன் பிறரும் இட்டுக்கொள்ளும் பெயர்தான். ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு எழுதிவிட முடியாது. பாதிரியாரைக் கதையிலிருந்து நீக்கவும் வேண்டியதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி பூசைக்குரிய ரசம் திராட்சைக் கனியினின்று இயல்பாகச் செய்ததாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும். கடல்கடந்து வந்த குருவுக்குத் திராட்சைக்கொடி அலங்காரமில்லை, தேவை.

கிடாவின் பெயரால் ஒரு பீர்

பெயர் திரிவதற்கு ஜெர்மனியிலேயே புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. வட ஜெர்மனியில் ஐன்பெக் என்னும் சிற்றூர் இடைக்காலத்தில் தன் பீருக்குப் பெயர்பெற்றிருந்தது. ஹான்சா வணிகக் கூட்டமைப்பின் வழியே அது தூரதேசங்களுக்கும் போயிற்று. அந்த இறக்குமதிக்குக் கொட்டிய பணத்தை மிச்சப்படுத்த பவேரியக் கோமகன் ஐந்தாம் வில்லியம் 1589இல் மியூனிக்கில் ஹோஃப்பிராய்ஹவுஸ் என்னும் சொந்த ஆலையை நிறுவினார். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐன்பெக்கிலிருந்தே எலியாஸ் பிக்லர் என்னும் வடிப்போரை மியூனிக்குக்கு வரவழைத்தார்கள். ‘ஐன்பெக்’ பவேரிய நாக்கில் ‘ஐன்பொக்’ ஆகி, முன்பாதி தேய்ந்து ‘பொக்’ என்று நின்றது. ஜெர்மன் மொழியில் பொக் என்றால் கிடா. ஊரின் பெயர் மறைந்து, புட்டியின் மேல் கிடாவின் படம் ஏறியது. இன்று கிறிஸ்துமஸ் காலத்துக்கென்று வடிக்கப்படும் ‘வைனாக்ட்ஸ்பொக்’கின் பெயரிலும் அந்தக் கிடா நிற்கிறது.

பெயர் தவறிப்போனாலும் பொருளை மதிப்பிடும் முறையை அவர்கள் தவறவிடவில்லை. ஜெர்மனியில் ஒரு பீரைப் பொக் என்று சொல்ல, நொதிக்கும் முன் அதன் முளைத் தானியச் சாற்றில் கரைந்த பொருள் குறைந்தது 16 விழுக்காடு இருக்க வேண்டும். இரட்டைப் பொக்குக்கு 18. இது அளவுகோலின் தீர்ப்பு. நாவின் தீர்ப்பு வேறு. பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் அமெரிக்க அமைப்பு ஒன்றின் மதிப்பெண் தாள் உலகெங்கும் போட்டிகளில் பழக்கத்தில் இருக்கிறது. மொத்தம் 50 புள்ளிகள்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. நடுவரின் முன் வைக்கப்படும் கோப்பையில் பெயர் இராது. செம்பழுப்பு நிறமும் தடித்த நுரையும் கண்ணைக் கவர்ந்தாலும் அதற்கு மூன்றே புள்ளிகள். வறுத்த தானியத்தின் வாசம், ரொட்டியின் பொருக்கை நினைவூட்டும் சுவை, நாவில் கனம், விழுங்கியபின் திகட்டாமை ஆகியவற்றைக் கொண்டே மற்றவை தீர்மானமாகும். குளிரில் பல வாரங்கள் கிடந்து இளம் பீரின் முரட்டுத்தனம் அடங்கியதா என்பது தேர்ந்த நடுவர் முதலில் தேடும் குணங்களுள் ஒன்று.

இரட்டைப் பொக்கைப் பற்றி ஒரு கதை உண்டு. மியூனிக்கின் பவுலானர் துறவிகள் தவக்கால நோன்பில் இந்தக் கனத்த பீரை அருந்த அனுமதி கேட்டு ரோமுக்கு ஒரு பீப்பாய் அனுப்பினார்களாம். ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலிய வெயிலில் குலுங்கி வந்த பீர் புளித்துப்போயிற்று. சுவைத்த போப், இதைக் குடிப்பதே தவந்தான் என்று அனுமதி அளித்துவிட்டாராம். கதையாகவே இருக்கட்டும். சுவைத்தவர் சொன்ன தீர்ப்பு ஒரு மரபையே நிலைநாட்டியதாக நம்ப அம்மக்கள் விரும்பினார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

நம் நூல்களில் ஒரு சுவைஞர்

இவையெல்லாம் அயலாரின் கலை, தமிழுக்குப் புதிது என்று எண்ண இடமில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியில் மது ஆக்கும் முறை படிப்படியாகச் சொல்லப்படுகிறது. தீட்டாத அரிசியைக் கூழாகத் துழாவி அகன்ற தட்டில் ஆறவைக்கிறார்கள். இடித்த நெல்முளையை அதில் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளைய விடுகிறார்கள். பின் விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். முளைத்த தானியத்தால் மாவுப்பொருளை இனிப்பாக்கி நொதிக்கவிடும் இம்முறைக்கு இன்றைய பெயர் பீர். இப்பகுதியில் புலவர் வைத்த ஒரு சொல் ‘வழைச்சு’. இளமைப் பருவத்தின் பச்சைத்தன்மை என்று பொருள் கொள்ளலாம். அது நீங்க விளைந்ததே நல்லது என்பது அவர் குறிப்பு. மியூனிக் நடுவர் பல வாரக் குளிருக்குப்பின் தேடும் அதே குணத்தைக் குறிக்கத் தமிழில் ஒற்றைச் சொல் இருந்திருக்கிறது.

புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஊட்ட உண்டு மகிழ்வாயாக என்கிறார். அத்தேறலுக்கு அவர் தரும் அடைமொழி நிறத்தையோ விலையையோ சொல்வதன்று. அதன் தண்மையையும் மணத்தையும் சொல்வது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக் கடற்பகுதி மதுச்சாடிகளின் உடைசல்கள் அப்பாட்டுக்கு உரைபோல அமைந்தன. ஆக, திராட்சை மதுவுக்குத் தமிழன் சொன்ன மிகப் பழைய தீர்ப்புகளுள் ஒன்று மூக்கின் தீர்ப்பு.

இச்சொற்கள் பின்னர் எங்கே போயின? கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரும் நம் மரபே. குடிக்குப் பரிந்து பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் மாகாணம் முழுதும் பரவிய மதுவிலக்கும், 1971இல் அது தளர்ந்ததும், மீண்டும் வந்ததும் போனதும், 2003 முதல் அரசே சில்லறை வணிகம் முழுவதையும் நடத்துவதும் சேர்ந்து, நொதித்த பானம் பற்றிய பேச்சை இரண்டே வகையாகச் சுருக்கிவிட்டன: ஒன்று கண்டனம், மற்றொன்று கேலி. தேறல், நறவு, பிழி, மட்டு, தோப்பி என்று வகைவகையாகப் பிரித்த மொழியில் இன்று எல்லாவற்றுக்கும் ‘சரக்கு’ என்பதே சொல். சின்ன ஓவுலாபுரத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சையைக் கொண்டு ஒயின் செய்யும் ஆலை எழுந்தபோதும், அதன் சுவையைப் பேசத் தமிழில் சொல் தேட வேண்டியிருந்தது.

மூடிய கோப்பை

இந்த வறட்சியிலும் ஒரு சொல் பிழைத்திருக்கிறது. அதுதான் ‘பன்னீர்’.

மஸ்கட் வகைகளின் மணத்துக்குக் காரணம் லினலூல், ஜெரானியால், நெரால் போன்ற நறுமணச் சேர்மங்கள். இவற்றுள் ஜெரானியாலும் நெராலும் ரோஜா எண்ணெயின் முதன்மையான கூறுகளைச் சேர்ந்தவை. வேதியியல் தெரியாத யாரோ ஒரு தோட்டக்காரர் கனியைக் கடித்து, கல்யாணப் பந்தலின் வாசலில் தெளிக்கும் பன்னீரை நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆய்வகம் பின்னர் கண்டதை அவர் மூக்கு முன்னரே கண்டுவிட்டது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். பொங்கலுக்கு வரும் கரும்பையும் பன்னீர்க் கரும்பு என்கிறோமே, அதில் ரோஜா மணம் ஏது? பன்னீர் என்பது வெறும் இனிமையைக் குறிக்கும் அடையாகத் தேய்ந்திருக்கலாமே? நியாயமான ஐயம். விடை நமக்குச் சீனத்திலிருந்து கிடைக்கிறது. பினாங்கிலும் பத்தாவியாவிலும் பெருவணிகம் செய்த சாங் பிஷி 1892இல் யாந்தாய் நகரில் ஒயின் ஆலை ஒன்றை நிறுவி, ஐரோப்பாவிலிருந்து கொடிகளை வரவழைத்தார். அவ்வழியில் வேரூன்றிய மஸ்கட் ஹாம்பர்க்குக்குச் சீனர் இட்ட பெயர் ‘மெய்குய்சியாங்’. பொருள்: ரோஜா மணம். கிரேக்கத்தில் அதே கொடி இன்றும் ‘ஹாம்பர்க் மஸ்கட்’தான், துறைமுகத்தின் பெயரை அவர்கள் அப்படியே வைத்துக்கொண்டார்கள். துறைமுகத்தை அறியாத இரு நாடுகள் மட்டும், ஒன்றையொன்று அறியாமலே, ஒரே தீர்ப்பை எழுதின.

கானாவூர்த் திருமணத்தில் பந்தி விசாரிப்புக்காரன் செய்ததும் இதுவே. பாத்திரத்தில் இருந்தது எங்கிருந்து வந்ததென்று அவனுக்குத் தெரியாது. சுவைத்தான், நல்ல ரசத்தை இதுவரை வைத்திருந்தீரே என்று மணவாளனிடம் சொன்னான். பெயரறியாமல் சொன்ன தீர்ப்பாதலால்தான் அதற்கு மதிப்பு. போட்டிகளில் கோப்பையின் பெயரை மறைப்பதும் இதற்காகவே. கம்பத்து உழவருக்கும் ஹாம்பர்க் மூடிய பெயர்தான். ஸ்னோவையும் தைரோலையும் அறியாமல் அவர் சொன்ன தீர்ப்பு, முகவரியைவிடத் துல்லியமாக இருக்கிறது.

தீர்ப்புக்கு வந்த சோதனை

இப்பெயருக்கு இன்று ஒரு சோதனை உண்டு. திராட்சை, மாம்பழத்தையும் வாழையையும் போலப் பறித்தபின் பழுப்பதில்லை. கொடியில் எந்த நிலையில் நின்றதோ அதே நிலையில்தான் கூடையிலும் இருக்கும். கனியில் கருமை முதலில் ஏறத் தொடங்குகிறது. சர்க்கரை தொடர்ந்து சேர்கிறது. மணம் பெரும்பாலும் கடைசியில் திரள்கிறது. கறுத்ததும் பறித்த கொத்து பார்வைக்கு முழுமையானது, மூக்குக்கு அரைகுறை. ஆனால் சந்தையில் கொத்து விலைபோவது பெரும்பாலும் கண்ணால். நிறம், கொத்தின் அளவு, உதிர்வு ஆகியவற்றைப் பார்த்து விலை பேசுகிறார்கள். பந்தலில் இன்னும் சில நாள் விட்டால் மழையோ நோயோ வந்து உள்ளதும் போய்விடுமென்ற அச்சம் உழவருக்கு இருக்கிறது. அது பொய்யான அச்சமும் அன்று. மெல்லிய தோலுடைய இக்கனி நெடும்பயணம் தாங்காது. விதையில்லாத் திராட்சைக்குப் பழகிய வாய்களுக்கு இதன் விதையும் ஒரு குறை. ஐம்பதில் மூன்று புள்ளி பெற வேண்டிய தோற்றம் இங்கே முழு விலையையும் முடிவு செய்கிறது.

2023இன் புவிசார் குறியீடு இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது. அது கம்பம் என்னும் இடத்தைப் பாதுகாக்கிறது. பிற ஊர்ச் சரக்கு அப்பெயரில் விற்பதைத் தடுக்க வழி செய்கிறது. ஆனால் அப்பெயரில் மூன்று சொற்கள் இருக்கின்றன. கம்பத்துக்கு எல்லை வரையலாம், திராட்சைக்கு வகை சொல்லலாம், பன்னீருக்கு? அதைக் காக்க மூக்குதான் வேண்டும். ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; சர்க்கரையை அளக்கக் கையடக்கக் கருவிகளும் உண்டு. அவற்றோடு, கொள்முதல் செய்யும் இடத்தில் ஒரு கனியைக் கடித்துப் பார்த்து மணத்துக்கும் விலை சொல்லும் வழக்கம் வந்தால், பழுக்கும்வரை காத்திருக்கும் உழவரின் துணிவுக்குக் கூலி கிடைக்கும். கறுத்ததும் பறிக்கச் சொல்லும் விலை நீடித்தால், குறியீட்டுச் சான்றிதழில் கம்பமும் திராட்சையும் மிஞ்சும். நடுவில் உள்ள சொல் கரும்பில் நேர்ந்ததுபோல வெறும் அடைமொழியாகிவிடும்.

ஐன்பெக் என்னும் ஊர்ப்பெயர் கிடாவாகத் திரிந்தும் பொக்கின் சுவையை அவர்கள் இழக்கவில்லை. நமக்கு நேரக்கூடிய ஆபத்து அதற்கு எதிரானது: பெயர் சிதையாமல் இருக்க, பெயர் குறித்த மணம் போய்விடுவது. நக்கீரர் அரசனின் கோப்பையில் முதலில் கண்டது மணத்தை. கம்பத்தின் பெயரறியாத உழவர் தம் கனியில் கண்டதும் அதையே. அத்தீர்ப்பு மெய்யாகவே நீடிக்க, நாமும் கொத்தைக் கையிலெடுத்ததும் நிறம் பார்க்கும் முன் ஒருமுறை முகர்ந்து பார்க்கலாம்.